கல் அசையாது

மூச்சைப் பாதி விட்டு மீதியை உள்ளேயே நிறுத்திக்கொள்ள வேண்டும், அந்த நிறுத்தத்தில்தான் பொத்தானை அமுக்க வேண்டும், அமுக்குகிறோம் என்று விரலுக்கே தெரியாத மாதிரி அமுக்க வேண்டும், இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிற மனுஷர்களின் பல்லை இதே கேமராவில் எத்தனையோ வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பல் அசையாது. ஆடுகிற பல்கூட நாம் ஆட்டினால்தான் ஆடும். இந்த விஷ்ணுகிரந்தி அப்படியில்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நீலம், தையல் நூலைவிடக் கொஞ்சம் தடித்த காம்பு, பக்கத்தில் எறும்பு போனாலே தலையாட்டுகிற ஜாதி. அதுவும் காலையில் விரிந்து உச்சிவெயிலுக்கு முன்னால் சுருட்டிக்கொண்டுவிடும், நாளைக்குப் பூக்கிறது வேறு பூ. கோவில்பட்டிக்கு மேற்கே இந்தச் சின்ன மலைப் பொத்தையில், சரளை குத்துகிற பாறைச் சரிவில், குப்புறப் படுத்துக் கிடக்கிறேன், ஐம்பது தாண்டிய பல் டாக்டர், சுடிதாருக்கு மேலே அவருடைய பழைய முழுக்கைச் சட்டை, முழங்கை இரண்டும் சரளைக்குள் புதைந்து மரத்துப்போயிருக்கிறது. தலைமாட்டில் அவர் நிற்கிறார், என் வீட்டுக்காரர் கோமதிநாயகம், சித்திரை மாதம் வரை பௌதிக வாத்தியார், இப்போது குடை பிடிக்கிற உத்தியோகம். குடை வெயிலுக்கு இல்லை, காற்றுக்கு. பூவின்மேல் நிழல் விழாமல் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பரீட்சை ஹாலில் சுற்றி வருகிற அதே முகத்தோடு அதைச் செய்கிறார். "எடுத்துட்டியா செம்பா" என்கிறார். இல்லை என்கிறேன். "காத்து அடங்கட்டும் ளா, என்ன அவசரம்" என்கிறார். அவசரம் எனக்குத்தான், அது இவருக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற மறுவாரமே இவருக்குச் சமையல் பைத்தியம் பிடித்தது. சமையல் என்றால் முழுச் சமையல் இல்லை, தோசை மட்டும். ராத்திரியானால் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, "நீ போய் உக்காரு, நாள் பூரா நின்னுக்கிட்டு இருந்தவ" என்று அடுப்பை மறித்துக்கொண்டு நிற்கிறார். வெப்பம் எப்படிக் கல்லின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவுகிறது என்று ஒரு பாடம் வேறு நடக்கும். நடு தடித்து ஓரம் கருகி ஒரு தோசை வரும். இவர் பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரி இதற்கு நான் மார்க் போடுவேன், பாஸ் மார்க்குக்கு மேல் ஒருநாளும் போட்டதில்லை, இவரும் கோபித்துக்கொள்வதில்லை. அது போகட்டும். இப்போது எறும்பு ஒன்று என் மணிக்கட்டில் ஏறிக் கடியாரப் பட்டைக்குள் புகப் பார்க்கிறது, தட்டிவிட்டால் முழங்கை நகர்ந்துவிடும், நகர்ந்தால் பூவை மறுபடி தேட வேண்டும், இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும்போது உலகத்தில் கூர்மையாகத் தெரிவது ஒரு தாள் கனம்தான், மகரந்தம் தெளிந்தால் இதழ் கலங்கும், இதழைப் பிடித்தால் மகரந்தம் வெள்ளைப் பொட்டாகக் கரைந்துபோகும். லென்ஸைக் கையால் திருகக் கூடாது, உடம்போடு முன்னால் பின்னால் சாய்ந்துதான் பிடிக்க வேண்டும். எறும்பு போகட்டும். ஸ்டாண்டைக் கொண்டுவந்திருக்கலாம் என்று மலை ஏறும்போதே இவர் சொன்னார், கால் லூசாக இருக்கிறது என்று பொய் சொல்லி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஸ்டாண்டில் வைத்து எடுத்தால் எனக்குத் தெரிய வேண்டியது தெரியாது. என் கை நடுங்குகிறதா இல்லையா என்பதுதான் தெரிய வேண்டும். பூ ஒரு சாக்கு.

ஆடியிலிருந்து எடுத்த படம் ஒன்றுகூட உருப்படியில்லை. ஓரிதழ் தாமரை, தும்பை, பேர் தெரியாத ஒரு பொடி மஞ்சள் பூ, எல்லாம் இழுத்துப் பூசின மாதிரி. ஆடியில் காற்று என்றேன். ஆடியில் காற்று அடிப்பது யாருக்கும் தெரிந்ததுதான், ஆளையே தள்ளும். ஆவணியிலும் காற்று என்றேன். புரட்டாசியில் சொன்னபோது எனக்கே கூச்சமாக இருந்தது. இப்போது ஐப்பசி, ஒரு மழை பெய்து ஓய்ந்திருக்கிறது, இலை அசையாத நாட்கள் வரும் மாதம், இதிலும் காற்று என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் என்னை நானே நம்ப மாட்டேன். அப்போதுதான் இந்த யோசனை வந்தது, கிளினிக்கில் கை கழுவிக்கொண்டிருந்தபோது. காற்று பூவை அசைக்கும், கல்லை அசைக்காது. பூவுக்குப் பக்கத்தில் அதே தூரத்தில் ஒரு கல் இருந்தால் போதும். படத்தில் பூ மட்டும் இழுபட்டுக் கல் கூர்மையாக நின்றால் காற்று. கல்லும் இழுபட்டிருந்தால் நான். இதில் ஏமாற்ற ஒன்றும் இல்லை. பூவைத் தேர்ந்தெடுக்கவில்லை இன்றைக்கு, கல்லைத்தான் தேர்ந்தெடுத்தேன். காம்போடு ஒட்டினாற்போல் ஒரு பளிங்குக் கல், உளுந்து அளவு, அதன் ஒரு முனையில் வெயில் ஊசிமுனையாகப் பட்டு மின்னுகிறது. நல்ல கை எடுத்தால் அந்த மினுக்கம் புள்ளியாக விழும். ஷட்டரை வேண்டுமென்றே மெதுவாக வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குக் கை நடுக்கம் தோசையில்தான் தெரிந்தது. எனக்கு அப்போது எட்டாங்கிளாஸோ ஒன்பதோ. அம்மா ஊற்றுகிற தோசை காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி இருக்கும், திடீரென்று ஒருநாள் ஓரமெல்லாம் நெளிந்து வந்தது, ஏதோ தீவின் வரைபடம் மாதிரி. தம்பியும் நானும் இது இலங்கை, இது ஆஸ்திரேலியா என்று பேர் வைத்துத் தின்றோம். அம்மாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். கை மடியில் கிடக்கும்போது சும்மா கிடக்கும், எதையாவது எடுக்கப் போனால்தான் ஆடும், அதுதான் அதில் பெரிய கிண்டல், வேலை செய்யாத கைக்கு ஒன்றும் இல்லை. நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அம்மா தோசையை விட்டுவிட்டு இட்லிக்கு மாறிக்கொண்டாள், இட்லித் தட்டில் குழி இருக்கிறது, மாவு எப்படி விழுந்தாலும் வட்டமாகத்தான் வரும். அந்தச் சாமர்த்தியம் எனக்கு அப்போது புரியவில்லை. கல்யாணமான புதிதில் இவரிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன், ஆஸ்திரேலியா வரைக்கும் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. அப்போது இந்த ஆளுக்கு நகைச்சுவையே கிடையாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

என் கை அப்படிப்பட்ட கை இல்லை. கல்லூரியில் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கச் சொல்வார்கள், மேடு பள்ளம் வேர் எல்லாம் அச்சாக வர வேண்டும், என்னுடைய கடைவாய்ப்பல்லை வகுப்பு முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள், கை இருக்கிற பிள்ளை என்று சொன்னார்கள். எனக்கு அழகென்று பெரிதாக ஒன்றும் இல்லை, பேச்சும் வெடுக்கென்று இருக்கும், கைதான் என்னிடம் இருந்தது. அதை வைத்துத்தான் எல்லாமே. கிளினிக்கில் கை ஒழுங்காகத்தானே இருக்கிறது என்று இத்தனை நாள் என்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். படம் பார், பல் படம் எல்லாம் கண்ணாடியாக இருக்கிறது, நடுங்குகிற கை இப்படி எடுக்குமா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். பல் படத்துக்கு லென்ஸைச் சுற்றி வளையமாக ஒரு ஃபிளாஷ் மாட்டுவோம். ஃபிளாஷ் வெட்டுகிற நேரம் அவ்வளவு சிறிசு, அதற்குள் எந்தக் கையும் ஆடி முடிக்காது, ஆட்டத்தை அது அப்படியே உறைய வைத்துவிடும். இதைச் சொன்னது இவர்தான், என்னைப் பற்றி இல்லை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மின்விசிறி றெக்கையைப் பற்றி, மின்னல் வெட்டில் றெக்கை நிற்கிற மாதிரி தெரியும் என்று. இவ்வளவு படித்துவிட்டு, நாள்தோறும் அந்த வளையத்தை மாட்டிக் கழற்றிக்கொண்டு, அது எனக்குச் சாதகமாகப் பொய் சொல்கிறது என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். அப்புறம் விரல் ஊன்றுகிற விஷயம். வாய்க்குள் வேலை செய்யும்போது மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொள்வோம், எல்லாப் பல் டாக்டருக்கும் அதுதான் பழக்கம், அந்த ஊன்றுகோல் இருக்கிற வரைக்கும் எதுவும் வெளியே தெரியாது. என் உதவிக்கு இருக்கிற ரூபி மட்டும் கொஞ்ச நாளாக ஊசியை என் கையில் தராமல் தட்டோடு பக்கத்தில் கொண்டுவந்து பிடிக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், கள்ளம் தெரியாத பிள்ளை.

நாளைக்குக் காலையில் பால்வண்ணன் வருகிறான். ஊரில் கடலைமிட்டாய் போடுகிறவன், பாகு பதம் பார்க்கிற ஆள் அவன்தான். கொதிக்கிற பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, இறுகினதை எடுத்துக் கடிப்பான், டக்கென்று முறிந்தால் பதம், பல்லில் ஒட்டினால் இன்னும் எரியட்டும் என்பான், அப்புறம் அதையே நாக்கோரத்தில் வைத்துக் கருகல் தட்டுகிறதா என்று பார்ப்பான். கீழே வலது பக்கம் கடைசிப் பல், ஞானப்பல், எலும்புக்குள் படுத்துக்கொண்டு முன்னால் இருக்கிற பல்லை முட்டுகிறது. அதற்கு உள்பக்கமாக நாக்குக்குப் போகிற நரம்பு தோலுக்கடியில் ஓடுகிறது. கை ஒரு மயிரிழை வழுக்கினால் அவன் நாக்கில் பாதி செத்துப்போகும். சூடும் தெரியாது, ருசியும் தெரியாது, சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. அந்தப் பல்லுக்குப் பின்னால் விரல் ஊன்ற இடமும் கிடையாது. பாளையங்கோட்டைக்குப் போய் அறுவை டாக்டரிடம் எடுத்துக்கொள் என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். "நீங்க எடுத்தா எனக்குப் பயம் இல்ல மேடம், எங்கம்மா பல்லுக்கூட நீங்கதான் எடுத்தீங்க" என்றான். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சரி, திங்கக்கிழமை வா என்று சொல்லிவிட்டேன். பெருமைதான், வேறென்ன. அவன் என்னை நம்புகிறான் என்பது எனக்கு இனிப்பாக இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை இந்த எறும்பைப் பார்க்கிற மாதிரி தள்ளி நின்று பார்க்கிறேன், இருக்கிறது, ஊர்கிறது, இன்னும் கடிக்கவில்லை.

முதல் படம். பொத்தானை அமுக்குகிற அந்த நேரம் பூ ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது, கண்ணாலேயே பார்த்தேன். படத்தில் நீலம் ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருக்கிறது. "காத்து" என்றேன். "காத்துதான்" என்றார் மேலேயிருந்து. கல்லை இன்னும் பார்க்கவில்லை. பொத்தானை அமுக்கிப் பெரிதாக்கிக் கல் இருக்கிற மூலைக்குப் போனால் தெரிந்துவிடும், கட்டைவிரல் அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது, ஆனால் போகவில்லை. இந்தப் படம் எப்படியும் கெட்டுப்போன படம், கெட்ட படத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது, காற்று நின்றதும் நல்லதாக ஒன்று எடுத்துப் பார்ப்போம் என்று எனக்குள்ளேயே ஒரு வக்கீல் எழுந்து பேசுகிறான். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவரைப் பிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களை நான் எத்தனை பேரைக் கண்டிருக்கிறேன், எனக்கு எரிச்சலாக வரும், பிரிச்சுப் பாருங்களேன் என்று சொல்லியிருக்கிறேன். வெயில் ஏறிவிட்டது. பிடரியில் வேர்வை ஊர்கிறது. சரளையில் மழைத் தண்ணீர் காய்ந்த வாசனை, கீழே எங்கோ ஆட்டுக்காரன் நாக்கைச் சொடுக்குகிற சத்தம், இவருடைய செருப்பு இடம் மாறிச் சரளை நொறுங்குகிற சத்தம். பூ விளிம்பில் லேசாக உள்ளே மடங்கத் தொடங்குகிற மாதிரி இருக்கிறது, இல்லை, அது என் கண்ணாக இருக்கும். அம்மா இட்லிக்கு மாறிக்கொண்ட மாதிரி நானும் எதற்காவது மாறிக்கொள்ளலாம், சொத்தை அடைப்பது, பல்செட் அளவு எடுப்பது, விரல் ஊன்ற இடம் இருக்கிற வேலைகள், யாருக்குத் தெரியப்போகிறது. நாளைக்கு ஒன்று மட்டும். பால்வண்ணனோடு முடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் யோசனை வேறு எங்கோ போய் இந்த இடத்தில் வந்துதான் முட்டுகிறது, நாளைக்கு ஒன்று மட்டும். கை ஆடின டாக்டர் எல்லாரும் இப்படித்தானே சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் காற்று நின்றது. நின்றது என்று யாரும் சொல்லவில்லை, பூ நின்றது. வரைந்து வைத்த மாதிரி அப்படியே நின்றது, ஐந்து இதழ் மடிப்பும், நடுவில் வெள்ளை நட்சத்திரமும், மகரந்தத்தின் மேல் ஒட்டியிருக்கிற ஒரு தூசியும்கூட. பாதி மூச்சை விட்டேன், மீதியைப் பிடித்தேன், பூவை மறந்துவிட்டேன், கல்லின் மினுக்கத்தை மட்டும் பார்த்தேன், அமுக்கினேன். கேமராவை இறக்கி வெயில் படாமல் மார்போடு அணைத்துக்கொண்டு பெரிதாக்கினேன், பூவைத் தாண்டினேன், காம்பைத் தாண்டினேன், கல். மினுக்கம் புள்ளியாக இல்லை. ஒரு கோடாக இருந்தது. மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே போய், நெளிந்து நெளிந்து, சின்னதாக, சுத்தமாக, குழந்தை பென்சிலால் கிறுக்கின மாதிரி ஒரு கோடு. கலங்கியிருந்தால் ஃபோகஸ் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், இது கலங்கவில்லை, நன்றாக வரைந்திருக்கிறது. வெயில் என் கையை எழுதி வைத்திருக்கிறது. அம்மாவின் தோசை ஓரம் அப்படியே. எனக்கு அழுகை வரவில்லை. ஓஹோ, வந்துவிட்டாயா என்று அதைப் பார்த்தேன், தெரிந்தவர்களைப் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற மாதிரி.

"எப்படி வந்திருக்கு" என்றார். வாய் தானாகவே சொன்னது, சரியா வரல, காத்து. "காத்துதான் ளா, இன்னும் அடங்கலையே" என்றார் உடனே. புரண்டு மல்லாந்து நிமிர்ந்து பார்த்தேன். குடையின் ஒரு மூலையில் கம்பியைவிட்டுத் துணி கழன்று தொங்குகிறது, பல நாளாக அவர் தைக்கச் சொல்லி நான் தைக்காத மூலை. அது அசையவில்லை. தொங்கப்போட்ட கைக்குட்டை மாதிரி நேரே தொங்கிக்கொண்டு இருக்கிறது. அவருக்குப் பின்னால், கயத்தாறு பக்கம், வானத்தின் ஓரத்தில் வரிசையாகக் காற்றாலைகள், அத்தனை றெக்கையும் நின்றுபோய்க் கிடக்கிறது. அவர் அதற்குக் கொஞ்சம் முன்னால் வரை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தார். பௌதிக வாத்தியார். காற்று எதை அசைக்கும், எதை அசைக்காது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுத்தவர், துணிகூட அசையாத இடத்தில் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காற்று என்கிறார். ஆடியில் நான் சொன்ன அன்றே அவரும் சொன்னார், ஆவணியிலும் சொன்னார். நான் சொல்லிச் சொல்லி அவர் ஆமாம் போடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். "காத்து இல்லங்க" என்றேன். அவர் குடையை மடக்கினார். "எப்பத்துல இருந்து தெரியும் உங்களுக்கு?" செருப்பு நுனியால் ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "ரிட்டயர் ஆன மறுநா. நீ ஊத்துன தோசையப் பாத்தேன்" என்றார். "உங்கம்மா கதைய நீதானே சொன்ன."

அப்படியானால் சித்திரையிலிருந்து. அந்தக் கருகல் தோசை அத்தனையும். வெப்பம் பரவுகிற பாடமும். நான் பாஸ் மார்க்குக்கு மேல் போட்டதில்லை. எனக்கு இவர்மேல் கோபம் வந்தது, நிஜமாகவே, இத்தனை மாதம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாரே என்று, அந்தக் கோபம் பாதியிலேயே கரைந்து வேறு எதுவாகவோ ஆயிற்று. அன்றைக்கே எங்கிட்டக் கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டா காத்துன்னு சொல்லுவே" என்றார். போனை எடுத்தேன். மலையில் டவர் நன்றாகத்தான் கிடைக்கிறது. பால்வண்ணன் உடனே எடுத்தான், பின்னால் அடுப்புச் சத்தமும் யாரோ கடலை கொட்டுகிற சத்தமும் கேட்டது. நாளைக்கு வர வேண்டாம் பால்வண்ணன், பாளையங்கோட்டைக்கே போய் எடுத்துக்கொள், நான் பேசி வைக்கிறேன் என்றேன். "ஏன் மேடம், ஊர்ல இல்லையா?" ஊரில் இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும், அந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. "இருக்கேன். எனக்குக் கை நடுங்குது" என்றேன். "யாருட்டயாவது காட்டுனீங்களா மேடம்?" என்றான், நான் அவனைக் கேட்கிற அதே குரலில். இனிமேல்தான் என்றேன். "காட்டுங்க மேடம், அப்படியே விடாதீங்க" என்றான், பாகு பதம் தாண்டிடும் என்று சொல்லி வைத்துவிட்டான்.

எழுந்திருக்க அவர் கை கொடுத்தார், அவர் பிடிக்குள் என் கை ஆடுவது இருவருக்கும் தெரிந்தது. பூ பாதி சுருட்டிக்கொண்டிருந்தது. அதைப் படம் எடுக்கவே இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது, கல்லைத்தான் எடுத்தேன். சரிவில் இறங்கும்போது அவர் முன்னால் போனார், ஒவ்வொரு வழுக்குப் பாறையிலும் நின்று நின்று. பாதி வழியில், ராத்திரிக்கு மாவு இருக்கா என்று கேட்டேன். "இருக்கு. நான் ஊத்துதேன்." "வேண்டாம். கரண்டிய எங்கிட்டக் குடுங்க, இன்னைக்கு நான் ஊத்துதேன்" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "கோணலா வரும் ளா" என்றார். வரட்டும், தின்னுங்க என்றேன்.